பாம்பு இல்லாத படங்கள்

"சார், பாம்பு ஷாட் ஏதாவது இருக்குமா?"

ஒரு வாழ்நாள் சாதனையாளர் விருதைப் பற்றி எனக்கு வந்த தொலைபேசி அழைப்பு இப்படித்தான் தொடங்கியது.

படத்தொகுப்பு மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் அனுபவங்களைச் சொல்லச் சொன்னார்கள். மென்பொருளில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். எதை வெட்டக் கூடாது, யார் சொன்னாலும் ஏன் வெட்டக் கூடாது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் வரும். இன்னும் ஆறவில்லை.

அழைத்தவர் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர், ஒரு பண்பாட்டுச் சங்கத்தின் செயலாளர். மரியாதையாகப் பேசுகிறவர். அவருடைய சங்கம் தேசம்மாவுக்கு விருது கொடுக்க முடிவு செய்திருந்தது. வாலாஜாபாத் பக்கம், பாலாற்றங்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர் தேசம்மா. தன் மக்களைப் பற்றி ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக ஆவணப்படங்கள் எடுத்துவருகிறார். அத்தனையையும் தொகுத்தவன் நான். விழாவில் காட்ட அவருடைய படங்களிலிருந்து சின்னதாக ஒரு தொகுப்பு வேண்டும் என்றார் செயலாளர்.

"பாம்பு ஷாட் இல்லீங்க" என்றேன்.

"முப்பது வருஷத்துல ஒண்ணுகூடவா? இருளர்னாலே பாம்புதானே சார்?"

போனை வைத்துவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் கொஞ்சம் நீளமானது.

காமாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வீடியோ கடையில்தான் என் தொழில் ஆரம்பமானது. கல்யாணங்கள், காதுகுத்து, பட்டுக்கடை விளம்பரங்கள். அப்போதெல்லாம் கேமராக்காரரோடு பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஆள் போக வேண்டும். அந்த விளக்கைப் பிடிக்க வந்தவர்தான் தேசம்மா. மாப்பிள்ளை, பெண் முகத்தில் வெளிச்சம் விழ வைத்தவருக்குப் பந்தியில் இலை போட மாட்டார்கள். பின்வாசலில் பொட்டலம் கொடுப்பார்கள். ஒரு கல்யாணத்தன்று கேமராக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, கேமரா தேசம்மாவின் தோளுக்குப் போனது. அதன் பிறகு அது இறங்கவில்லை. கல்யாணம் இல்லாத நாட்களில் அதே கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்.

ஆற்றில் வெறுங்கையால் மீன் பிடிப்பவர்களை எடுத்தார். மணலை அள்ளி ஆற்றைக் காயவிட்ட பிறகு அவர்கள் பிழைக்கப் போன செங்கல் சூளைகளை எடுத்தார். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் ஒன்றுகூடிக் கன்னியம்மனைக் கும்பிடும் தன் சனத்தை எடுத்தார். அந்தக் கடற்கரைப் படத்தைப் பார்த்த தொலைக்காட்சிக்காரர் ஒருவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தமிழ்நாடு முழுக்க ஒளிபரப்புகிறேன் என்றார். "ஒரே ஒரு பாம்பு ஷாட் மட்டும் சேத்துக் குடுங்க. கிளாமரா இருக்கும்."

எனக்கு ஆசைதான். அதுவரை எங்கள் படத்தை நூறு பேர் சேர்ந்து பார்த்ததில்லை. தேசம்மா கடலலையில் நின்று ஒரு பெண் சிரிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"இவ பக்கத்துல ஒரு பாம்பு இருந்தா நீங்க யாரப் பாப்பீங்கண்ணா?"

"பாம்பத்தான்."

"அவ்ளோதாண்ணா. ஒரு வாட்டி பாம்பு உள்ள வந்துச்சுன்னா, அப்புறம் எங்க மூஞ்சி யாருக்கும் தெரியாது."

அவருக்குப் பாம்பின் மேல் வெறுப்பு கிடையாது. அவருடைய உறவினர்கள் சிலர் பாம்பு பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த விஷத்திலிருந்து வரும் மருந்தால்தான் நம் கழனிகளில் கடிபட்டவர்கள் பிழைக்கிறார்கள். அதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் ஒரு சனத்தையே ஒரு பிராணிக்குப் பின்னால் நிறுத்திவைப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. படம் ஒளிபரப்பாகவில்லை. ஒரு ஃபிரேமுக்குள் கண் முதலில் எங்கே போகும் என்பதை நீங்களும் படித்திருப்பீர்கள். அங்கே அனுப்பலாமா கூடாதா என்று முடிவெடுப்பதும் நம் வேலைதான். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடப்புத்தகம் எதுவும் இல்லை.

இன்னொரு சம்பவம். வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு அரிசி ஆலை. முன்பணம் கொடுத்துவிட்டு, அது கழியவே கழியாதபடி சில இருளர் குடும்பங்களை உள்ளேயே வைத்து வேலை வாங்கினார்கள். சாவுக்குக்கூட வெளியே விடவில்லை. தேசம்மா உறவுக்காரப் பெண் போல உள்ளே போய், களத்தில் நெல் அவிக்கிறவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டு வந்துவிட்டார். அந்த கேசட்டை எங்கள் கடையில் போட்டுப் பார்த்து எடுத்த சற்று நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஆலை ஆட்கள் இரண்டு பேர்.

"எவளோ ஒரு இருளச்சி இங்க கேசட்டு குடுத்தாளாமே. எங்க அது?"

திரையில் ஏதோ கல்யாண ஊர்வலத்தை ஓடவிட்டேன். தேசம்மா மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தார். குனிந்து பெருக்கிக்கொண்டே அவர்கள் பக்கத்தில் வந்தார்.

"கால எடுங்க சார்."

அந்த ஆள் காலைத் தூக்கினான். தேசம்மா அந்த இடத்தையும் பெருக்கிவிட்டு நகர்ந்தார். கேசட் அவருடைய மடியில் இருந்தது. அலமாரியைக் கலைத்துப் போட்டு, என்னைக் கண்டபடி பேசிவிட்டு அவர்கள் போனார்கள்.

பயம் விட்டுப்போன வேகத்தில் நான் சிரித்தேன். தேசம்மா சிரிக்கவில்லை. துடைப்பத்தை மூலையில் சாத்தினார்.

"சிரிக்காதீங்கண்ணா. அவனுங்க என்னத் தேடித்தான வந்தானுங்க? எதிர்லயே நின்னுக்கினு பேசறேன். ஒருத்தனுக்குக்கூட என் மூஞ்சியப் பாக்கணும்னு தோணல பாரு."

அன்று தப்பித்ததற்குக் காரணம் அவருடைய தைரியம் மட்டுமல்ல. துடைப்பம் பிடித்த கையில் கேமராவும் இருக்கும் என்று நினைத்துப்பார்க்க முடியாத அவர்களுடைய திமிரும்தான். அந்தத் திமிர் நம்மைக் காப்பாற்றியதே என்று என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

அதே நாளில் ஒரு செய்தியாளர் படத்தைக் கேட்டார். மாலையே போடுகிறேன், நாளைக்கு ஊரே பேசும் என்றார். தேசம்மா கொடுக்கவில்லை. "இத இன்னிக்கிப் போட்டா, உள்ள இருக்கிற சனத்த வேற ஊருக்கு லாரி ஏத்திடுவான். அவங்க வெளிய வரட்டும்." விவரம் தெரிந்த ஒரு பெண் அதிகாரியிடம் நேராகக் கொண்டுபோனார். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தார். மறுநாள் காவலர்களோடு போய்க் குடும்பங்களை வெளியே அழைத்துவந்தார். அதற்குப் பிறகுதான் படம் வெளியே வந்தது. செய்தியாளருக்கு வருத்தம்.

"மேட்டர் செத்துப்போச்சேம்மா."

"சனம் சாவலையே சார்" என்றார் தேசம்மா.

இதெல்லாம்தான் அவருடைய வாழ்நாள் சாதனை. இதை வைத்துக்கொண்டு அவரைக் கொண்டாட நினைத்த சங்கத்துக்குப் பாம்பு தேவைப்பட்டது.

நான் தொகுப்பு வேலையைத் தொடங்கிய சமயத்தில் தேசம்மா தன் தங்கை மகள் ரேவதியோடு என் வீட்டுக்கு வந்தார். ரேவதி பிளஸ் டூ முடித்து, நர்ஸிங் கல்லூரியில் சேர மனுப் போட்டிருந்தாள். பழங்குடிச் சான்றிதழ் இருந்தால்தான் இடம். ஆலையிலும் சூளையிலுமே காலம் தள்ளிய அவளுடைய அப்பா அம்மாவிடம் எந்தச் சான்றிதழும் கிடையாது. விசாரிக்க வேண்டிய அலுவலர் அவளை அழைத்து எதிரில் நிற்க வைத்திருக்கிறார்.

"சுடிதார் போட்டுக்கினு, செல்லு வெச்சிக்கினு வந்து இருளர்னு சொன்னா நாங்க நம்பிடணுமா? பாம்பு பிடிப்பியாம்மா நீன்னு கேட்டாருண்ணா" என்றார் தேசம்மா.

"நீ என்னம்மா சொன்னே?" என்று ரேவதியைக் கேட்டேன்.

"தெரியாது சார், ஊசி போடக் கத்துக்கத்தான் போறேன்னு சொன்னேன். அங்க இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க." சொல்லிவிட்டு அவள் துப்பட்டா முனையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

தேசம்மா தன் படங்களைப் போனில் காட்டியிருக்கிறார். இதோ இவளுடைய தாத்தா மீன் பிடிக்கிறார், இதோ இவளுடைய அம்மா கடற்கரையில் கும்பிடுகிறாள் என்று. "படமெல்லாம் அத்தாட்சி ஆகாதும்மா" என்று சொல்லி மனுவைத் திருப்பிவிட்டார் அந்த அலுவலர்.

இதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று காத்திருந்தது. விழா அழைப்பிதழ் என் மேசைமேல் கிடந்தது. விருதை வழங்கிப் பாராட்டிப் பேசப்போகிறவர் அதே அலுவலர்தான். தேசம்மாவிடம் அதைக் காட்டினேன். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். நிதானமாகப் படித்தார்.

"வர்றேன்னு சொல்லிடுங்கண்ணா. நான் இருளர்னு அவரு வாயாலயே மேடையில சொல்லப்போறாரு. அத நான் கேக்கணும்."

பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு தன் குடியிருப்புக்குப் போனார். பழைய படங்களிலிருந்து தொகுப்பு வேண்டாம், புதிதாக ஒன்று தருகிறேன் என்றார். சான்றிதழ் கேட்டுப் போனவர்களைச் சுவரோரம் நிற்க வைத்து, அவர்களிடம் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் சொல்ல வைத்தார். எலி பிடித்துக் காட்டச் சொன்னார்கள் என்றான் ஒரு பையன். உன் முடி சுருட்டையாக இல்லையே என்றார்கள், இது ஒரு தாய். பச்சைக் கறி தின்பாயா என்று கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பெரியவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். இசை இல்லை. வர்ணனை இல்லை. முகங்கள் மட்டும். நான் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. செய்யாமல் இருப்பதுதான் அதில் என் வேலை.

விழாவுக்கு முந்தின நாள் செயலாளர் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சார், இது பாராட்டு விழா. போராட்டம் இல்ல."

"அவங்ககிட்ட கேட்டதத்தானேங்க திருப்பிச் சொல்றாங்க?"

"மேடையில அவர் உக்காந்திருப்பாரு சார்!"

"நல்லதுதான். எதிர்லயே பாக்கட்டும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கெஞ்சுகிற குரலில் பேசினார். "முகமெல்லாம் நல்லா இருக்கு சார். அது இருக்கட்டும். பேச்ச மட்டும் எடுத்துட்டு, ஒரு புல்லாங்குழல் போடுங்களேன். மனச உருக்கும்."

நண்பர்களே, இந்த இடத்தில் கவனியுங்கள். அவர் கேட்டதைச் செய்ய எனக்குச் சிறிது நேரம் போதும். நாலு வெட்டு, ஒரு புல்லாங்குழல். படத்தின் பல்லைப் பிடுங்கிவிடலாம். எல்லோரும் அழுவார்கள். யாருக்கும் யார் மேலும் கோபம் வராது. நம் தொழிலில் நடக்கும் பெரிய அநியாயங்கள் இப்படி மரியாதையாக, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கப்படுகிறவைதான். நான் தேசம்மாவைப் போனில் அழைத்துச் சொன்னேன்.

"குடுக்காதீங்கண்ணா. படம் இல்லாட்டி இன்னா? நாங்கதான் இருக்கோமே."

முடியாது என்றேன். அப்படியானால் நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்று செயலாளர் எழுந்து போனார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. வாசலில் வாழைமரம், மேடையோரம் நாயனமும் மேளமும். படத்தில் பேசியவர்களைத் தேசம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே ஒருவர் அவர்களை நிறுத்தினார்.

"டான்ஸ் குரூப்பா? மேடைக்குப் பின்னாடி போங்கம்மா. ஆடி முடிச்சதும் சாப்பாடு."

"இன்னா டான்ஸு?" என்று கேட்டுவிட்டு, அத்தனை பேரையும் இரண்டாம் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார் தேசம்மா. நான் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். எங்கிருந்து எடுத்தார்களோ தெரியவில்லை. ஏதோ ஒரு கண்டத்தில், தலையில் இறகு செருகி, முகத்தில் வண்ணம் பூசிய மனிதர்கள் நெருப்பைச் சுற்றி ஆடினார்கள். அடுத்து, வடக்கே எங்கேயோ தலைப்பாகை கட்டிய ஒருவர் மகுடி ஊதினார். பாம்பு வந்துவிட்டது. 'கானகத்தின் குழந்தைகள்' என்று ஒரு கனத்த குரல் வர்ணித்தது. முப்பது ஆண்டு உழைத்தவருடைய விழாவில் அவர் எடுத்த ஒரு ஃபிரேம்கூட இல்லை. மண்டபம் கைதட்டியது. இப்படிக் கைதட்டுகிற ஊர்க்காரன்தானே நானும் என்று நினைத்தபோது வெட்கத்தில் உடம்பு கூசியது.

அலுவலர் நன்றாகப் பேசினார். "தேசம்மா அவர்கள் இருளர் பழங்குடியின் பெருமை. கலை அவங்க ரத்தத்துலயே ஊறியிருக்கு." பட்டுச் சால்வையைப் போர்த்தினார். கேடயம் கொடுத்தார். தேசம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். பட்டு நல்லா இருக்குது. இப்ப ஒரு படம் காட்டுனீங்களே, அது நாங்க இல்லீங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. பாத்தா அவங்களுக்கும் கோவம் வரும்."

சிலர் சிரித்தார்கள். அவர் காத்திருந்தார்.

"சார் என்னை இருளர் பழங்குடின்னு சொன்னாரு. ரொம்ப நன்றி சார். ரேவதி, மேல வாம்மா."

ரேவதி ஏறிப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"இவ என் கூடப்பொறந்த தங்கச்சி பொண்ணு. நான் இருளர்னா இவ யாரு சார்?"

ரேவதி ஒலிபெருக்கியைப் பிடித்து, "என்கிட்ட இன்னா கேட்டாங்கன்னா..." என்று தொடங்கினாள். செயலாளர் ஓரமாக நின்று நாயனக்காரருக்குக் கையைக் காட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. பாராட்டு விழா மேடையில் ஒரு பெண்ணின் வாயை அடைக்கக் கெட்டிமேளம்!

ரேவதி இறங்கவில்லை. கத்தவும் இல்லை. வாசிக்கிறவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாயனம் ஊதுகிறவருக்கும் மூச்சு வாங்குமே. அவர் வாத்தியத்தைக் கீழே இறக்கினார். செயலாளர் மறுபடி கையை ஆட்டினார். நாயனக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், மறுபடி எடுக்கவில்லை.

"பாம்பு பிடிப்பியான்னு கேட்டாங்க" என்றாள் ரேவதி.

பிறகு அந்தப் பையன் ஏறினான். அந்தத் தாய் ஏறினார். பெரியவர் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். அலுவலர் எழுந்து மேடைப் படியை நோக்கி நடந்தார். எனக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா, நெசவாளர் தெருக்காரர், உரக்கக் கேட்டார்:

"கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க சார்!"

அலுவலர் போய்விட்டார். சாப்பாடு ஆறிப்போனது. மறுநாள் செயலாளர் எனக்குப் போன் செய்தார். "பட்டு போர்த்தி மரியாதை செஞ்சோம் சார். எங்களையே அசிங்கப்படுத்திட்டாங்க."

அசிங்கம் எங்கே நடந்தது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. போர்த்துகிற கையும் மனுவைத் திருப்புகிற கையும் ஒன்றாக இருந்ததில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. பழங்குடி என்றால் மேடையில் வேண்டும், கல்லூரியில் வேண்டாம். பண்பாடு என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். வாய் திறந்து கேள்வி கேட்கக் கூடாது. இதற்குப் பெயர் மரியாதை என்றால், அந்தச் சொல்லைக் கொஞ்ச நாளைக்கு யாரும் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

விழாவில் யாரோ போனில் எடுத்த காட்சி பரவியது. மேலிடத்திலிருந்து வேறொரு அதிகாரி விசாரிக்க வந்தார். குடியிருப்பில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன உறவு, எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள், எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்க வேண்டியதைக் கேட்டார். ரேவதிக்குச் சான்றிதழ் கிடைத்தது. அது கைக்கு வந்தபோது கல்லூரியில் சேர்க்கை முடிந்திருந்தது. ஒரு வருடம் அவள் வீட்டில் இருந்தாள். அந்த ஒரு வருடத்துக்கு யார் பொறுப்பு என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. மேடையில் ஏறிய மற்றவர்களில் இன்னும் சிலருக்கு வரவில்லை.

அடுத்த ஆண்டு ரேவதி கல்லூரியில் சேர்ந்தாள். அவளை விடப் போனபோது நானும் கூடப் போனேன். கேமரா தேசம்மாவின் தோளில் இருந்தது. ஆனால் அவர் அதைத் திறக்கவில்லை. ரேவதி வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். எந்த எடிட்டருக்கும் ஆசை வரும் ஷாட் அது.

"எடும்மா, போயிடப்போறா" என்றேன்.

"வேணாண்ணா" என்றார். "ஒரு பொண்ணு காலேஜுக்குப் போறத நான் படம் புடிச்சா, அது அதிசயம்னு நானே ஒத்துக்கின மாரி ஆயிடும். ஊர்ல எல்லாப் பொண்ணுங்களும் போகுது. இவளும் போறா. இதுல எடுக்க இன்னா இருக்குது?"

அவள் கட்டடத்துக்குள் மறையும்வரை இரண்டு பேரும் நின்று வெறும் கண்ணால் பார்த்தோம். பிறகு தேசம்மா என்னை ஆட்டோவில் ஏறச் சொன்னார். விழா மேடையில் ஏறிய அந்தப் பையனின் மனுவோடு மறுபடி சான்றிதழ் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே வாசலில் இறங்கியதும் கேமராவைத் தோளில் சரியாக வைத்துக்கொண்டு மூடியைக் கழற்றினார்.

"எடுக்க வேண்டியது இங்கதாண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.